கீதா பார்க்காமல் விட்ட கடைசிக் கார்டு

1

இந்தக் கதை என்னுடையதல்ல. ஒரு டீக்கடையில் என் காதில் விழுந்தது. அதுவும் தப்பாக விழுந்தது.

ராயபுரம் கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே உள்ள கடை. 1973ஆம் ஆண்டு, மழை தொடங்குவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம். நான் சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த பெஞ்சில் ஒரு பெண்ணும், அவளைவிடக் கொஞ்சம் இளையவனாகத் தெரிந்த ஒருவனும் வந்து உட்கார்ந்தார்கள். ஆபீசிலிருந்து வருகிற களைப்பு அவள் முகத்தில் இருந்தது. அவன் முகத்தில் வேறு ஏதோ இருந்தது.

"அக்கா, கீதா பொய் சொல்லுது" என்றான் அவன்.

"இன்னா சொல்ற?"

"மெய்யாலுமேதான். கடைசியா ஒண்ணு எதிர்ல நின்னுகினு கீது. அதத் திரும்பிக்கூடப் பாக்காம, யாரும் இல்லன்னு சொல்லிடுது. இத்தினி நாளா நம்ம ரெண்டு பேரும் அத நம்பிக்கினு இருந்தோம்."

அவள் கையிலிருந்த டீ கிளாஸை பெஞ்சில் வைத்தாள். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. "ஐயோ, பெரிய வாளி" என்றாள். இரண்டு பேரும் எழுந்து ஓடினார்கள். ஓடினார்கள் என்றால் நிஜமாகவே ஓடினார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு.

வடசென்னையில் பழகிய பெண்ணை 'அது' என்று சொல்வது சாதாரணம். ஆகவே கீதா ஒரு பெண் என்று நான் முடிவு கட்டினேன். வாளி எதற்கு என்று மட்டும் விளங்கவில்லை. கதைக்குத் தேவையில்லாததை விட்டுவிட எனக்குத் தெரியும். பேனாவை எடுத்தேன்.

முதல் தொடக்கம்: "கீதா பொய் சொல்பவள் என்பது அவளைக் காதலித்தவனைத் தவிர ராயபுரத்தில் எல்லோருக்கும் —"

இரண்டாம் தொடக்கம்: "கடைசியாக வந்து நின்றவனைக் கீதா ஏறிட்டும் பார்க்கவில்லை. அவன் கையில் மல்லிகைப் பூ —"

(மல்லிகைப் பூவை எழுதியதும் பேனாவை மூடிவிட்டேன். எனக்கே தாங்கவில்லை.)

2

சில மாதம் கழித்து பல்லவன் பஸ்ஸில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். திருவொற்றியூரிலிருந்து வருகிற பஸ். பக்கத்து ஸீட் காலியானதும் கேட்டேவிட்டேன்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. அந்தக் கீதா என்ன ஆனாள்?"

முதலில் முறைத்தாள். நான் டீக்கடையைச் சொன்னேன், குடிக்காமல் விட்ட டீயைச் சொன்னேன். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"சார், கீதா பொண்ணு இல்ல. கீதா… கீதா. 'இருக்குதா'ன்னு கேக்கறோமே, அந்த கீதா!"

என் காதல் கதை திருவொற்றியூருக்கும் கல்மண்டபத்துக்கும் நடுவில் செத்துப்போனது. அதற்குப் பதிலாகக் கிடைத்ததைத்தான் இனி சொல்லப் போகிறேன். அவள் பெயர் ஹில்டா. பெயர்களை மாற்றட்டுமா என்று கேட்டேன். "கம்பெனி பேர மாத்திக்கங்க. எங்க பேர அப்படியே விடுங்க. நாங்க இன்னா திருடினோமா?" என்றாள்.*

* திருடினார்களா இல்லையா என்பதுதான் இந்தக் கதை. அவள் அதைத் தெரிந்து சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

3

இப்போது கொஞ்சம் விளக்கம். கதையில் விளக்கம் கூடாது என்பார்கள். ஆனால் இது இல்லாவிட்டால் நீங்களும் என்னைப் போல மல்லிகைப் பூவில் போய் நிற்பீர்கள்.

திருவொற்றியூரில் பெல்ஹாம் வார்ப்பட ஆலை என்று ஒரு கம்பெனி. (மாற்றிய பெயர்.) லாரிக்கும் பம்புக்கும் இரும்பு பாகங்களை வார்த்துக் கொடுப்பது. அங்கே வாடகைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. குளிர்சாதன அறை, கண்ணாடிக் கதவு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். அந்த மெஷினுக்கு எதைச் சொல்வதானாலும் அட்டைக் கார்டில் துளை போட்டுத்தான் சொல்ல வேண்டும். அதற்கு வெளிநாட்டிலிருந்து வந்த கட்டளைகள் நீளமானவை, எழுதினால் கை வலிக்கும்.

அந்த அறையில் இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ராயபுரத்து ஹில்டா, கணிதப் பட்டதாரி. வண்ணாரப்பேட்டை லியாகத் அலி, அவனும் அப்படியே. இரண்டு பேரும் சேர்ந்து தங்களுக்கென்று சுருக்கமான ஒரு மொழியை உண்டாக்கினார்கள். மெஷினுக்கு ஆங்கில எழுத்துதான் தெரியும், ஆகவே எழுத்து ஆங்கிலம். வார்த்தை நம்முடையது. எடு, வை, கூட்டு. ஒன்றைத் தள்ளி வைக்க 'நவுரு'. காத்திருக்கச் சொல்ல 'குந்து'. அடுத்ததற்குப் போக 'அப்பால'. இன்னும் கார்டு பாக்கி இருக்கிறதா என்று பார்க்க 'கீதா'. மொழிக்கு 'எடுவை' என்று பெயர் வைத்தார்கள்.

கல்கத்தா தலைமை ஆபீசிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நுட்பமான சுருக்கெழுத்தை எந்த நாட்டில் கற்றீர்கள் என்று கேட்டாராம். லியாகத், தன் வீட்டுக்கு அடுத்த பேட்டையை நினைத்து, "மூலக்கொத்தளம் சார்" என்றானாம். அவர் அதைக் குறித்துக்கொண்டாராம்.

எடுவையால் வேலை வேகமாக நடந்தது. ஆலையின் இருப்பு, சம்பளம், சரக்கு அனுப்புவது எல்லாம் அதற்குள் வந்தன. அவற்றோடு இன்னொரு வேலையும் வந்தது. ஆலையில் கனம் தூக்குகிற சங்கிலிகளைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இறக்கிச் சோதிக்க வேண்டும், அது சட்டம். சங்கிலிக்கு ஒரு கார்டு. இந்த மாதம் எந்தெந்தச் சங்கிலியின் முறை என்று மெஷின் அச்சடித்துக் கொடுக்கும். அதில் வந்ததைச் சோதிப்பார்கள். வராததைச் சோதிக்கமாட்டார்கள்.

4

இந்த இடத்தில் ஒரு வில்லன் வர வேண்டும். மேனேஜர் டிக்ரூஸை அப்படி ஆக்கித்தான் முதல் பிரதியை எழுதினேன். சுருட்டுகூடக் கொடுத்தேன். ஹில்டா படித்துவிட்டு, "அவரு சுருட்டு புடிக்க மாட்டாரு சார். எங்க கல்யாணத்துக்கு வந்து கடைசிப் பந்திவரைக்கும் இருந்துட்டுப் போனாரு" என்றாள். ஆகவே சுருட்டை எடுத்துவிட்டேன். வில்லன்தனமும் கூடவே போய்விட்டது.

நடந்தது இதுதான். லியாகத்துக்கு மணலியில் ஓர் உரத் தொழிற்சாலையில் நல்ல வேலை கிடைத்தது. அங்கேயும் அதே மாதிரி மெஷின். போன கொஞ்ச நாளில் டிக்ரூஸிடம் நேரில் வந்து கேட்டான். "சார், எடுவையோட ஒரு பிரதி கொடுங்க. நாங்க அதுல ஏதாவது நல்லது பண்ணினா உங்களுக்கும் திருப்பிக் கொடுக்கறோம்."

டிக்ரூஸ் கல்கத்தாவைக் கேட்டார். கல்கத்தா சொன்னது: அது கம்பெனிச் சொத்து. விற்க முடியுமா என்று பார்ப்போம். அதுவரை பூட்டி வை.

டிக்ரூஸ் பூட்டினார். கூடவே, எடுவையை வெளியில் யார் பயன்படுத்தினாலும் வழக்கு என்று லியாகத்துக்கு வக்கீல் நோட்டீசும் போனது.

ஹில்டாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவளுக்கு எதிராக நின்றது மேனேஜர் மட்டுமல்ல. அவள் கணவர் அருள்பிரகாசம் அதே ஆலையில், வார்த்தெடுத்த பாகங்களைத் தேய்க்கும் பகுதியில் வேலை பார்த்தார். யூனியன் செயலாளரும் அவர்தான். கம்ப்யூட்டர் வந்த அன்றே வாசலில் கொடி பிடித்தவர். மனைவி அந்தக் கொடியைத் தாண்டித்தான் உள்ளே போனாள். எடுவை விஷயத்தில் மட்டும் யூனியனும் மேனேஜரும் ஒரே பக்கம். ஆலை தொடங்கியதிலிருந்து அப்படி நடந்ததேயில்லை.

அவர்கள் வீட்டுச் சண்டையை ஹில்டா எனக்கு நடித்தே காட்டினாள். சாப்பிடும் நேரம். குழம்பில் வவ்வால் மீன்.

"உன் பாஷை இந்தக் கம்பெனிக்குள்ள கீற வரைக்கும் இங்க கீற கிளார்க்குக்குத்தான் பேஜாரு. வெளிய போச்சுன்னா? மணலி, எண்ணூரு, ஹார்பரு… அல்லா ஆபீஸ்லயும் எழுதறவன் கை வெறுங்கை. அவனுங்க புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவே?"

"மெசின் எப்டியும் வரத்தாங்க போவுது. ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒரு பாஷைய வச்சி பூட்டிக்கினா, உள்ள இன்னா எழுதியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? நாளைக்கி உங்க ஓவர்டைம மெசின் தப்பாப் போட்டா எங்க போய்ப் பாப்பீங்க?"

"ஏன், உன்னாண்ட கேப்பேன்."

"நான் இல்லன்னா?"

அருள்பிரகாசம் மீனில் முள்ளெடுத்தார்.

(இங்கே நான் யார் பக்கம் என்று கேட்காதீர்கள். ஹில்டா பேசும்போது ஹில்டா பக்கம். பிறகு அருள்பிரகாசத்தைச் சந்தித்தபோது அவர் பக்கம். கதை எழுதுகிறவனுக்கு இந்த வசதி உண்டு. யூனியன் செயலாளருக்குக் கிடையாது.)

5

லியாகத் என்ன செய்தான்?

பிரதி கொடுக்கமாட்டேன் என்றார்கள். அவன் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, போகும்போது அவன் டிபன் கேரியரைக்கூடத் திறந்து பார்த்தார்கள். ஆனால் எடுவையில் பாதியை உண்டாக்கியவன் அவன். தலைக்குள் இருந்ததை என்ன செய்ய முடியும்? நோட்டீசுக்குப் பயந்து கொஞ்ச நாள் சும்மா இருந்தான். பிறகு மணலியில் உட்கார்ந்து, முதலிலிருந்து, நினைவிலிருந்தே எடுவையை மறுபடி எழுத ஆரம்பித்தான்.

அப்படி எழுதும்போதுதான் கீதாவிடம் வந்து நின்றான்.

ஒரு காரியத்தை இரண்டாம் தடவை செய்யும்போது முதல் தடவை ஏன் அப்படிச் செய்தோம் என்று கேட்கத் தோன்றும். ஏன் இப்படி எழுதினோம்? யோசித்துப் பார்த்தான். கை நின்றுவிட்டது.

ஹில்டா எனக்கு விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன். ரேஷன் கடையில் நெரிசல். கடைக்காரர் பத்துப் பத்துப் பேராக உள்ளே விடுகிறார். ஒன்பது பேர் ஆனதும் பத்தாவது ஆளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார், இன்னும் ஆள் இருந்தால் அவரையும் உள்ளே விட்டு, அடுத்த பத்து. வரிசை ஏழிலோ எட்டிலோ முடிந்தால் குழப்பமில்லை. ஆனால் வரிசை சரியாகப் பத்தில் முடிகிற அன்று, அவர் ஓர் ஆள் முன்னதாகவே எட்டிப் பார்ப்பது வம்பாகிறது. பின்னால் யாரும் இல்லை. சரி, முடிந்தது என்று பத்தாவது ஆளின் மூக்குக்கு நேராகக் கதவைச் சாத்திவிடுகிறார்.

கார்டுக் கட்டு கச்சிதமாக நிரம்பினால் கீதா கடைசிக் கார்டைப் பார்க்காது. மற்ற நாளெல்லாம் ஒழுங்காகப் பார்க்கும். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

லியாகத் நல்ல பையன் என்பதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. நோட்டீசை மீறி எழுதினான் என்பது வெளியே தெரிந்தால் வழக்கு, வேலையும் போகலாம். அவன் பாட்டுக்குத் தன் பிரதியில் திருத்திக்கொண்டு கம்முனு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அன்று சாயங்காலமே பஸ் பிடித்து, ஹில்டா இறங்குகிற கல்மண்டபம் ஸ்டாப்பில் வந்து நின்றான். அந்தப் பெஞ்சில்தான் நான் —

(அது உங்களுக்குத் தெரியும்.)

ஹில்டாவுக்கு ஏன் டீ இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மாதம் ஆலைக்குப் புதிய சங்கிலிகள் வந்திருந்தன. லியாகத்துக்குப் பதிலாக வந்து புதிய கார்டுகளைச் சேர்த்த எல்சி, கட்டு இம்முறை அளவெடுத்த மாதிரி அழகாக நிரம்பிவிட்டது என்று அவளிடம் சொல்லியிருந்தாள். கார்டுகளை எடை வாரியாக அடுக்குவார்கள். கடைசிக் கார்டு எப்போதும் எல்லாவற்றிலும் அதிகக் கனம் தூக்குகிற சங்கிலியுடையது. உருக்கிய இரும்பைச் சுமந்துகொண்டு ஆட்களின் தலைக்கு மேலே போகிற பெரிய வாளியின் சங்கிலி.

6

இங்கே நான் ஒரு கொலை செய்தேன்.

முன்பிருந்த பிரதியில் இந்தப் பகுதி இப்படித் தொடங்கியது: "ஆட்டோ ஆலை வாசலில் நின்றபோது உள்ளேயிருந்து வந்த ஓசை ஹில்டாவின் காதில் —" அதற்குக் கீழே ஒரு பக்கம். சங்கிலி அறுகிறது. வாளி கவிழ்கிறது. கீழே நின்றிருந்தவர் அருள்பிரகாசம். ஹில்டா தன் மொழியால் தன் கணவனையே இழக்கிறாள். எழுதி முடித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. இதைவிட நல்ல கதை எழுதப் போவதில்லை என்று நினைத்தேன்.

ஹில்டாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தாள். தாள்களைச் சமமாகத் தட்டி அடுக்கி என்னிடமே நீட்டினாள். கோபத்தில் குரல் மெதுவாகத்தான் வந்தது.

"ஏன் சார், யாராவது செத்தாத்தான் உங்களுக்குக் கதையா? அன்னிக்கி ஆட்டோல நான் அந்தோணியார்கிட்ட இன்னா வேண்டிக்கினு போனேன்னு தெரியுமா உங்களுக்கு? அது பலிச்சுது. நீங்க வந்து கலைக்காதீங்க."

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். கிழித்ததும் மூச்சு லேசானது. அழகாக எழுதியதை இழந்த வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ஒரு மனிதர் பிழைத்துக்கொண்டார். போதாதா?

நடந்ததைச் சொல்கிறேன்.

7

ஹில்டா டீக்கடையிலிருந்து நேராக வீட்டுக்கு ஓடினாள், லியாகத் பின்னால். அருள்பிரகாசம் முதல் ஷிப்டு முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"பெரிய வாளி சங்கிலிய செக் பண்ணவே இல்லங்க. மெசின் வுட்டுடுச்சு."

இந்த இடத்தில் அருள்பிரகாசம் "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லியிருக்கலாம். சொல்ல எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "ரெண்டாவது ஷிப்டு இப்பத்தான் ஊத்த ஆரம்பிப்பானுங்க. வா" என்றார். பித்தானை ஆட்டோவில்தான் போட்டார்.

வாசலில் லியாகத்தை உள்ளே விட மாட்டார்கள். "நீங்க போங்கக்கா, நான் இங்கியே நிக்கறேன்" என்று கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டான்.

உள்ளே ஃபோர்மேன், மேனேஜர் உத்தரவு இல்லாமல் நிறுத்த முடியாது, உருக்கிய இரும்பு உறைந்துவிடும் என்றார். மேனேஜர் ஊரில் எங்கோ ஒரு கூட்டத்தில் இருந்தார். அருள்பிரகாசம் ஃபோர்மேனிடம் வாதாடவில்லை. நேராக வார்ப்புக் கொட்டகைக்குப் போனார். பெரிய வாளி பாதி நிரம்பி, சங்கிலியில் தொங்கிக்கொண்டு நகர ஆரம்பித்திருந்தது. மேலே கிரேன் கூண்டில் ரஹீம்.

"அல்லாரும் நவுருங்க! சொவத்தாண்ட போங்க!" அருள்பிரகாசத்தின் குரல் ஊர்வலத்தில் பழகியது. "ரஹீம் பாய்! வாளிய கீழ எறக்கு! மெதுவா!"

"இன்னாத்துக்குபா? ஸ்ட்ரைக்கா?"

"எறக்குபா, சொல்றேன்!"

ரஹீம் காரணம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. யூனியன்காரன் சொன்னால் எதற்கோ சொல்கிறான். வாளியைப் பூப்போல மணலில் இறக்கி வைத்தார். ஆட்கள் எல்லோரும் சுவரோடு சுவராக நின்றார்கள். சங்கிலியின் பாரம் குறைந்து அது தொய்ந்தது.

சூடு ஆறிய பிறகு விளக்கைப் பிடித்து ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்தார்கள். கொக்கிக்கு மேலே ஒரு கண்ணி வாய் பிளந்திருந்தது. நகத்தை உள்ளே விடலாம். அது இன்னும் எத்தனை தடவை தாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பல தடவையாக இருக்கலாம். அந்த ஒரு தடவையாகவும் இருக்கலாம்.

ரஹீம் கூண்டிலிருந்து இறங்கி வந்து அந்தக் கண்ணியைப் பார்த்தார். மணலில் உட்கார்ந்தார். பிறகு நிமிர்ந்து, "டீ கீதா?" என்றார்.

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஏன் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் அவர்களும் சிரித்தார்கள். ஃபோர்மேன் தானே கேன்டீனுக்கு ஆள் அனுப்பினார். கேட்டுக்கு வெளியே நின்ற லியாகத்துக்கு அருள்பிரகாசம் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் இவர். அவர்கள் என்ன பேசினார்கள் என்று இரண்டு பேருமே எனக்குச் சொல்லவில்லை.

8

ஆபத்து முடிந்துவிட்டது. ஆனால் கதையின் கேள்வி இன்னும் பாக்கி. மறுநாள் காலை டிக்ரூஸ் ஹில்டாவைக் கூப்பிட்டார்.

"நன்றிம்மா. அந்தக் கொட்டகையில இருந்த அத்தனை பேர் குடும்பத்துக்காகவும் நன்றி." பிறகு, மேனேஜர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "இந்தத் தப்பை எப்படிக் கண்டுபிடிச்சே?"

இங்கே வாசகர் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். ஹில்டாவுக்கு மூன்று வழி இருந்தது.

'நானே கண்டுபிடித்தேன் சார்' என்று சொல்லலாம். லியாகத் தப்புவான், அவளுக்கும் பாராட்டு கிடைக்கும். நானாக இருந்தால் இதைத்தான் —

'தெரியாது, ஏதோ சந்தேகம் வந்தது' என்று மழுப்பலாம்.

உண்மையைச் சொல்லலாம்.

முதல் வழியை ஏன் எடுக்கவில்லை என்று அவளிடம் கேட்டேன். "நானே கண்டுபுடிச்சேன்னு சொன்னா, பூட்டி வச்சது சரின்னு ஆயிடும் சார். வூட்டுக்குள்ள கீறவங்களே பாத்துக்குவாங்க, வெளியாளு எதுக்குன்னுவாங்க. நான் அந்தக் கார்டுங்க கூடவே குந்திக்கினு இருந்தேன். என் கண்ணுக்குத் தெரியல. வெளிய போனவனுக்குத்தான் தெரிஞ்சுது."

ஆனால் உண்மை அவளுடையது மட்டுமல்ல, மாட்டப்போவது லியாகத். ஆகவே அவள் செய்தது இது.

"சார், ஒரு போன் பண்ணிக்கலாமா?"

டிக்ரூஸ் தன் மேஜையிலிருந்த போனை நகர்த்தி வைத்தார். அவள் மணலி நம்பரைக் கேட்டு வாங்கினாள்.

"லியாகத், நான்தான். எப்படிக் கண்டுபுடிச்சேன்னு சார் கேக்கறாரு. சொல்லட்டா?"

சொன்ன பிறகுதான் தான் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. எதிரே டிக்ரூஸ் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். போனுக்குள் லியாகத் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

டிக்ரூஸ் கையை நீட்டி போனை வாங்கினார்.

"லியாகத், நான் அனுப்பின நோட்டீஸ் வந்ததா?"

"வந்துச்சு சார்."

"பத்திரமா வச்சிருக்கியா?"

"…வச்சிருக்கேன் சார்."

"கிழிச்சுப் போட்டுடு. அப்புறம் இங்க புறப்பட்டு வா. வாசல்ல நிக்காதே. உள்ள வா."

போனை வைத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

கல்கத்தாவைச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு சுலபமாக இருக்காது என்று எல்லோரும் பயந்தார்கள். நானும் இதற்காக ஒரு நீண்ட வாக்குவாதத்தை எழுதி வைத்திருந்தேன். தேவைப்படவே இல்லை. எடுவையை விற்றுப் பார்க்கலாம் என்று கல்கத்தா இரண்டு மூன்று கம்பெனிகளிடம் காட்டியிருந்ததாம். 'நவுரு', 'குந்து' என்று இருக்கிற ஒரு மொழியை யார் வாங்குவார்கள்? வியாபார மதிப்பு ஒன்றும் இல்லை, கேட்பவர்களுக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று பதில் வந்துவிட்டது. ஒரு மொழி சுதந்திரம் அடைந்த காரணம் இதுதான். உயர்ந்த காரணம் எதையாவது கண்டுபிடித்து எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இதுவே நன்றாக இருக்கிறது.

யூனியன்? அருள்பிரகாசம் பொதுக்குழுவில் எழுந்து பேசினார். "மெசின் வேணும்னு நான் இன்னிக்கும் சொல்லல. ஆனா நம்ம தலைக்கு மேல எது தொங்கணும்னு ஒரு மெசின் முடிவு பண்ணும்னா, அதுக்குள்ள இன்னா எழுதியிருக்குன்னு நாம பாக்கணும். பூட்டி வச்சா பாக்க முடியாது." வெளியாருக்கு எடுவையைக் கொடுப்பதென்றால் தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும், யாராவது வந்து இது என்ன என்று கேட்டால் உட்கார வைத்து விளக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். டிக்ரூஸ் ஒத்துக்கொண்டார். பெல்ஹாமில் கிளார்க்குகள் யாரையும் நீக்குவதில்லை என்றும் ஒப்பந்தமானது. ஸ்டோர்ஸுக்கும் சரக்கு அனுப்பும் பகுதிக்கும் மாற்றினார்கள்.

"வேற கம்பெனில?" என்று அவரைக் கேட்டேன்.

"அது தெரில சார். அந்த பயம் எனக்கு இன்னும் போகல" என்றார். "ஆனா ராத்திரி தூக்கம் வருது."

9

எடுவை வெளியே போனது. ஹில்டா சின்னப் புத்தகமாகத் தயார் செய்தாள். அச்சிட்ட பிரதிகள் மணலிக்கும், ஒரு கல்லூரிக்கும், கோயம்புத்தூரில் ஒரு நூல் ஆலைக்கும் போயின. போனது திரும்பியும் வந்தது, திருத்தத்தோடு. சில இடத்தில் புதிய வார்த்தையோடு. கோயம்புத்தூர்க்காரர்கள் ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னாலும் ஒரு 'ங்க' சேர்க்க வசதி வேண்டும் என்று கேட்டார்கள். "மெசினுக்கு எதுக்கு மருவாதி?" என்று லியாகத் கத்தினான். பிறகு செய்து கொடுத்தான்.

ஒரே ஒரு வார்த்தையில்தான் சண்டை தீரவில்லை. எந்தப் புரோகிராமும் முடிகிற இடத்தில், அவ்வளவுதான் என்று மெஷினுக்குச் சொல்ல ஒரு சொல் வேண்டும். ஹில்டா 'போதும்' என்றாள். லியாகத் 'கலாஸ்' என்றான். டிக்ரூஸ் கொஞ்சம் வெட்கத்தோடு 'ஆமென்' என்றார். அருள்பிரகாசம் 'வேலைநிறுத்தம்' என்று சொல்லிப் பார்த்தார், அது கார்டில் வீணாக இடத்தை அடைத்தது.

கடைசியில் ஹில்டா அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டாள். எழுதுகிறவர் தனக்குப் பிடித்த சொல்லை முதல் கார்டிலேயே சொல்லிவிட வேண்டியது. அந்தச் சொல்லைக் கண்டதும் மெஷின் நின்றுவிடும்.

நானும் இந்தக் கதைக்கு நிறைய முடிவுகள் எழுதிப் பார்த்தேன். அருள்பிரகாசத்தின் பயம் பலித்த முடிவு ஒன்று, பலிக்காத முடிவு ஒன்று, எண்ணூரில் யாரோ ஒரு கிளார்க் எடுவையைத் தானே கற்றுக்கொண்டு நிமிர்ந்து உட்காருகிற முடிவு ஒன்று. எது நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்கள் ஆபீசில் ஒருவேளை ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கலாம். எதைக் கொண்டு முடிப்பது என்று ஹில்டாவைக் கேட்டேன்.

"படிக்கறவங்க வூட்ல, வயிறு நெறஞ்சப்புறம் தட்டுல சோறு போடப் போறப்ப கைய குறுக்க நீட்டி இன்னா சொல்வாங்களோ, அத போட்டுக்கட்டும் சார். உங்களுக்கு இன்னாத்துக்குக் கவலை?" என்றாள்.

எனக்குக் கவலை விட்டது. கீழே ஒரு வரி காலியாக இருக்கிறது. உங்கள் வீட்டுச் சொல்லை எழுதுங்கள். இந்தக் கதை அங்கே நின்றுகொள்ளும்.

. . . . . . . . . . . .